ஓத்தோன் என்று ஒரு பருவம்

பிரெஞ்சு மொழியில் இலையுதிர் காலத்துக்கு 'ஓத்தோன்' என்று பெயர். ஆறு வயதில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன். அந்தப் பருவத்தை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. பிரெஞ்சு மொழியில் படித்த எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும்: எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியும், ஆனால் கண்டதில்லை. பனி, கஷ்கொட்டை, திராட்சை அறுவடை, கணப்படுப்பு, அப்புறம் இந்த ஓத்தோன்.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் மாதம் 'திக்தே' என்கிற சொல்வதெழுதுதலில் இலை விழும். ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் மஞ்சள் இலை, செந்நிற இலை, காற்றில் சுழலும் இலை என்று எழுதிக்கொண்டிருப்போம். வெளியே வேப்பமரம் பச்சைப் பசேலென்று நனைந்துகொண்டு நிற்கும். வெர்லேன் 1866-இல் வெளியிட்ட தொகுப்பில் இலையுதிர் காலப் பாட்டு ஒன்று உண்டு. அதை எல்லாரும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்கு முன் பிரான்சில் மறைந்திருந்த எதிர்ப்புப் படைக்குச் செய்தி சொல்ல, லண்டன் வானொலி அந்தப் பாட்டின் வரிகளைத்தான் ஒலிபரப்பியது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் தெரிந்த விஷயம். பள்ளியில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக ஒப்பித்திருப்போம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழை பொழிகிற காலம்தான் நம்முடைய ஓத்தோன். புதுச்சேரியில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். ஏரி நிரம்பும், கடல் கலங்கும், பழைய வீட்டுச் சுவர் இடியும். இலை உதிராது என்பதைத் தவிர, பருவம் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு மாதம் போதும்.

நான் சொல்லவந்தது 1964, 65, 66 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஐப்பசி கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. எனக்குப் பதினைந்திலிருந்து பதினேழு வயது. அக்காலத்தில் பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. 1882-ஆம் ஆண்டுச் சட்டம், ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளையும் சமயக் கல்விக்காக ஒழித்துவைக்கச் சொன்னது. 1972 வரை அது வியாழனாகவே இருந்தது. எங்கள் பாடநூல்களில் வரும் பையன்கள் எல்லாரும் வியாழக்கிழமைதோறும் காட்டுக்குக் காளான் பறிக்கப் போவார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானத்தோடு பள்ளி முடியும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான்கு பேரும் வாடகை சைக்கிள் கடை வாசலில் நிற்போம்.

நான்கு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், இருவர் இன்று இல்லை. ஒருவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. 'சொல்தா' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அது பாதி சாதிப் பெயர் போலவே ஆகிவிட்ட சொல். அவன் தகப்பனார் இந்தோசீனாவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரண்டாமவன் முல்லா வீதிக்காரன், வீட்டில் துணி வியாபாரம். மூன்றாமவன் வைசியாள் வீதிச் செட்டியார் வீட்டுப் பையன். நான்காவது நான். முத்தியால்பேட்டையில் தறி நெய்த குடும்பம், தாத்தா ஆலைத் தொழிலாளி, அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து எழுத்தர். நான்கு பேருக்கும் பொதுவானது பிரெஞ்சு இலக்கணமும், அதை வெறுப்பதும்தான்.

எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர். கடலூர் சாலையில் போய், அரியாங்குப்பம் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், அதற்குப் பின்னால் ஆற்றங்கரை மேடு. வெயில் காலத்தில் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஐப்பசியில் ஒரு வாரம் மழை கொட்டி, ஒரு நாள் வெறித்தது என்றால் அன்றைக்குத்தான் போக வேண்டும். மேட்டுச் சரிவில் மண் கரைந்து ஓடியிருக்கும். ஆறு கரையை அரித்திருக்கும். செம்மண் ஓடைகளில் கடுகு அளவு, மிளகு அளவில் மணிகள் கிடக்கும். நீலம், பச்சை, ஆரஞ்சு கலந்த சிவப்பு. பெரும்பாலும் கண்ணாடி, சிலது கல். துளையில் அடைத்திருக்கும் மண்ணை ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் நேற்று செய்தது போலிருக்கும். வீராம்பட்டினத்துப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பே வந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, அங்க போங்க, இங்க நாங்க பாத்துட்டோம்" என்று எல்லை பிரிப்பார்கள். நாங்களும் மரியாதையாகத் தள்ளிப் போவோம்.

இந்தப் பிள்ளைகளின் முன்னோடிகள்தான் அரிக்கமேட்டை உலகுக்குக் காட்டியவர்கள் என்பேன். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் பல்லவர் கட்டடக்கலையைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். சிறுவர்கள் அரிக்கமேட்டில் பொறுக்கிய மணிகளை அவர் காசு கொடுத்து வாங்குவார். 1937-இல் அப்படி வந்த ஒரு கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார். அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவந்து மேகத்தால் ஏமாந்த லெ ழாந்தீல் என்ற வானியலாளர் இந்த மேட்டின் இடிபாடுகளைக் கவனித்து எழுதியிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு பேரரசரின் முகம் தேவைப்பட்டது.

1941 முதல் 1944 வரை பிரெஞ்சுக்காரர்கள் சிறிய அளவில் தோண்டினார்கள். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உடைந்த ஜாடிக் கழுத்தைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது ஏற்றிவரும் ஆம்போராவின் கழுத்து அது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புதுச்சேரி என்றார்கள். உடனே ரயிலேறினார். 1945-இல் பிரெஞ்சு அரசின் அனுமதியோடு தோண்டினார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார்.

கிடைத்தவற்றில் முக்கியமானவை பளபளப்பான சிவப்பு ஓடுகள். இத்தாலியில் அரெத்சோ என்ற ஊரில் செய்தவை, அடியில் குயவரின் முத்திரை வைத்தவை. அதிலென்ன விசேஷம் என்று கேட்கலாம். இத்தாலியில் அந்த வகைத் தட்டு எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்பது தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அது நின்றுபோனது. ஆகவே அதே மண் அடுக்கில் அதனுடன் கிடக்கும் நம்மூர்ப் பானைக்கும் காலம் சொல்லிவிடலாம். அதே நம்மூர்ப் பானை வேறு ஊரில் கிடைத்தால் அந்த ஊருக்கும் சொல்லலாம். காசும் கல்வெட்டும் கிடைக்காத தென்னிந்திய ஊர்களுக்கெல்லாம் காலக் கணக்கு போட ஒரு முளை கிடைத்தது. அந்த முளையை அடித்தது எங்கள் மழைக்காலச் சேற்றில். பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே தலைமையில் தோண்டியபோது, ரோமானியர் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதும் தெரிந்தது. வெள்ளைக்காரன் வந்து ஊரைத் தொடங்கவில்லை, இருந்த ஊருக்குத்தான் சரக்கு வந்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே உண்டு.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது பள்ளிப் புத்தகம் இல்லை. அதில் அகஸ்டஸ் இருந்தார், அரெத்சோவும் வரைபடத்தில் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் அவர்கள் வீட்டுத் தட்டு கிடக்கிறது என்பது அதில் இல்லை. சொன்னவர் எங்கள் லத்தீன் ஆசிரியர், நம்மவர். ஒருநாள் வகுப்பில் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ஓடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "முசே, இது யாருடைய வீட்டுத் தட்டு?" என்று என்னைக் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. மறு ஞாயிறே நாங்கள் சைக்கிள் எடுத்துவிட்டோம்.

வீலர் கண்டெடுத்த செங்கல் தொட்டிகளை அவர் சாயத் தொட்டி என்று எண்ணினார். மெல்லிய துணிக்குச் சாயம் தோய்க்கும் இடம் என்பது அவர் ஊகம். இதைக் கேட்டபோது எனக்கு மட்டும் ஒரு பெருமை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும் சாயத்தொட்டி உண்டு. "உங்க தாத்தா ரோமாபுரி ராஜாவுக்கு வேட்டி நெஞ்சவரா?" என்று செட்டியார் வீட்டுப் பையன் ஒரு மாதம் கேலி செய்தான்.

மணி பொறுக்கி முடிந்ததும் ஆற்றோரம் பழைய கட்டட இடிபாட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம். அது ரோமானியக் கட்டடம் என்று வெகுநாள் நம்பினவர்கள் ஊரில் உண்டு. உண்மையில் 18-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ குருமடம். இந்தோசீனாவிலிருந்து துரத்தப்பட்ட பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பாதிரியார் தம் மாணவர்களோடு 1770-இல் இங்கே வந்து சேர்ந்தார். வியத்நாமிய மொழிக்கும் லத்தீனுக்கும் அவர் தொகுத்த அகராதி உருவானது புதுச்சேரியில். பிற்பாடு வியத்நாம் அரச வம்சத்துக்கே அவர் துணையாக நின்றார். சைகோன் கதைகள் கேட்டு வளர்ந்த எங்கள் சொல்தா வீட்டு நண்பனுக்கு இதைக் கேட்டதும் கண் விரிந்தது. அவன் தகப்பனார் இருநூறு ஆண்டு கழித்துப் போன ஊரிலிருந்து, இருநூறு ஆண்டுக்கு முன்பே பிள்ளைகள் இங்கே படிக்க வந்திருக்கிறார்கள்.

மற்ற ஞாயிறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசுட்டேரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் மேற்கே போவோம், பறவை பார்க்க. பாகூர் ஏரிக்குத் தெற்கே போவோம், குளிக்க. பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேடு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் அங்கே படித்த மாணவர்களும் ஏரி நிரம்பினால் வகுப்புக்கு மட்டம் போட்டிருப்பார்கள் என்பது முல்லா வீதிக்காரனின் ஆராய்ச்சி முடிவு. ஒரே ஒருமுறை முப்பது கிலோமீட்டர் மிதித்துத் திருவக்கரைக்குப் போய்க் கல்மரம் பார்த்தோம். இரண்டு கோடி ஆண்டுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான மரங்கள். திரும்பும்போது இருவர் சைக்கிளில் காற்று இறங்கி, இரவு ஒன்பதுக்கு வீடு சேர்ந்து, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சே எடுக்கவில்லை.

இனிச் சொல்வதை ஊர்சுற்றல் என்று மட்டும் சொல்ல முடியாது. 1964 அக்டோபரில் ஒரு ஞாயிறு. கீழூருக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். வில்லியனூரைத் தாண்டிப் போக வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் வாக்குக்கு விடப்பட்டது. மக்கள் எல்லாரும் வாக்களிக்கவில்லை. பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. மூன்று நாள் கழித்து டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரெஞ்சுக் காலண்டரில் அது சகல புனிதர் திருநாள், 'தூசேன்'. 1673-74-இல் தொடங்கிய கணக்கு, ஒரு மழைக்கால மாதத்தில் தீர்ந்தது.

ஆனால் அது நடைமுறை மாற்றம் மட்டும். சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஆறு ஆண்டு கிடந்தது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பிடி மண்ணையும் விட்டுக்கொடுக்க அங்கே பலருக்கு மனமில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. ஆகஸ்டு 16-இல் எங்கள் கதை முடிந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. இங்கே பிறந்து இங்கே வாழ்பவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்பவர் அந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவுதான் முடிவு. இதற்கு 'ஒப்சியோன்' என்று பெயர், அதாவது தெரிவு. ஊரில் அந்த ஆறு மாதமும் வேறு பேச்சில்லை. "எழுதிட்டீங்களா?" என்பதுதான் குசலம் விசாரிப்பு.

கீழூரில் அந்த ஞாயிறு, கோயில் மண்டபம் ஒன்றில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். 170-க்கும் 8-க்கும் சண்டை எங்களுக்குள் வந்தது. சொல்தா வீட்டு நண்பன், "நூத்தி எழுபத்தெட்டு பேரு எனக்கும் சேத்து ஓட்டு போட்டானா? எங்கப்பாவ யாராவது கேட்டாங்களா?" என்றான். நான் விடவில்லை. 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர்கள் மேல் சுட்டு 12 பேரைச் சாய்த்த அரசாங்கம் அது, எங்கள் தெருவில் அந்தப் பன்னிரண்டு பேரின் கதையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் தூங்கும் என்றேன். "எங்கப்பாவா சுட்டாரு?" என்றான். முல்லா வீதிக்காரன் நடுவில் புகுந்து, "எங்கப்பா சுடவும் இல்ல, கொடி புடிக்கவும் இல்ல, எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டே இருந்தாரு, கெடு முடிஞ்சிபோச்சு. நான் இந்தியன் ஆனது அப்படித்தான்" என்றான். மழை விட்டதும் பேசாமலே வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த ஞாயிறு சைக்கிள் கடை வாசலில் நான்கு பேரும் நின்றோம். யாரும் கீழூர் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வயதில் எனக்கும் வீட்டில் கேட்க ஒரு கேள்வி இருந்தது. பிரெஞ்சில் படிக்கவைத்துவிட்டு அப்பா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? எழுதியிருந்தால் நானும் ஓத்தோனைப் பார்த்திருக்கலாம் அல்லவா? தீபாவளிக்கு முந்தின இரவு கேட்டேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அம்பத்திநாலுல தெருவுல கொடி புடிச்சிக்கிட்டு நடந்தவன்டா நான். அறுபத்திரண்டுல போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு கையெழுத்துப் போடறது?" என்றார். பிறகு, "பிரெஞ்சு படிச்சதுக்கும் பிரெஞ்சுக்காரன் ஆவறதுக்கும் சம்பந்தமில்ல. கணக்குப் படிச்சவன்லாம் செட்டியாரா?" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் விவாதம் கிடையாது.

சொல்தா வீட்டில் நடந்தது வேறு. அவர் முதல் வாரமே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். "இருபது வருஷம் அவன் சோறு தின்னேன் தம்பி, அவன் கொடுக்கற ரெத்ரேத்துல இன்னும் தின்றேன்" என்று என்னிடமே சொன்னார். ரெத்ரேத் என்றால் ஓய்வூதியம். எங்கப்பா செய்ததும் நாணயம், அவர் செய்ததும் நாணயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது அப்பா பக்கம் மட்டுமே நின்றேன்.

இந்தப் பிணக்குகள் எதுவும் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் நான்கு வீடுகளுக்கும் மாறி மாறிப் போக்குவரத்து. தீபாவளிக்குச் செட்டியார் வீட்டு அதிரசம் தூக்குப்பாத்திரத்தில் ரூ துமாஸ் வரை போகும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சொல்தா வீட்டுப் பாட்டி கல்லறைக்குச் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு நால்வரும் போவோம். மழையில் திரி அணைந்துகொண்டே இருக்கும். முல்லா வீதிக்காரன்தான் குடை பிடித்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுவான். கார்த்திகைக்கு எங்கள் தெருவில் சொக்கப்பனை. முல்லா வீதி வீட்டில் எந்த மாதம் போனாலும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். அவன் அம்மா திரைக்குப் பின்னாலிருந்தே, "செட்டியார் வீட்டுப் புள்ளைக்கு தனியா தோசை ஊத்தி வெச்சிருக்கேன், கவுச்சி படாத சட்டி" என்று குரல் கொடுப்பார்.

நவம்பர் 11 முதல் உலகப்போர் முடிந்த நாள். கடற்கரையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் மலர் வளையம் வைப்பார்கள். பழைய சொல்தாக்கள் எல்லாரும் கோட்டு போட்டு, பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். நண்பனின் தகப்பனார் முதல் நாள் சாயங்காலமே பதக்கங்களை எலுமிச்சம்பழம் தேய்த்துத் துலக்குவார். எங்களையும் உட்காரவைத்துத் துணி கொடுத்துவிடுவார். 1936-ஐ மறக்காத முத்தியால்பேட்டைப் பிள்ளையாகிய நான், இரண்டு ஆண்டும் அந்தப் பதக்கங்களுக்கு மெருகு போட்டேன். எலுமிச்சம்பழத்துக்கு அரசியல் தெரியாது.

1966 அக்டோபர் கடைசியில் நண்பனின் குடும்பம் கிளம்பியது. விழுப்புரம் போய் ரயில் மாறி, சென்னை வழியாகப் பம்பாய், அங்கிருந்து மார்செய்க்குக் கப்பல். புதுச்சேரி ரயில் நிலையத்தில் அன்று எங்கள் பெட்டியைப் போலவே நான்கைந்து குடும்பங்களின் தகரப் பெட்டிகள் நின்றன. 1962-க்குப் பிறகு அது ஊரில் வழக்கமாகிவிட்ட காட்சி. நான் பிஸ்கட் டப்பா மூடி போன்ற ஒரு சிறு தகர டப்பியில் பஞ்சு வைத்து, மூன்று ஆண்டில் நான் பொறுக்கியதில் நல்ல மணியாகப் பதினைந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இத ஏன்டா அங்க தூக்கிட்டுப் போகணும், அங்கேயிருந்துதான வந்துச்சு?" என்றான். கண்ணாடி மணி இங்கே செய்தது, தட்டுதான் அங்கிருந்து வந்தது என்று நான் வண்டி கிளம்பும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். விடைபெறும் நேரத்தில் பேசுகிற பேச்சா அது! ஆனால் வேறு எதையும் பேசியிருக்க முடியாது.

மறு ஆண்டு துலூஸ் நகரிலிருந்து கடிதம் வந்தது. ஓத்தோனைப் பார்த்துவிட்டானாம். திக்தேயில் எழுதியது எல்லாம் சரிதான், ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். இலை விழுந்தால் நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டு வழுக்குமாம். இரண்டு முறை விழுந்துவிட்டானாம்.

நான் புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஒப்பந்தப்படி, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சும் இங்கே ஆட்சிமொழிதான். நடப்பில் எல்லாம் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிவிட்டது. ஆனால் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரெஞ்சில் கையால் எழுதியவை. தாத்தாவின் பிறப்புச் சான்று வேண்டும், பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நிரூபிக்க முடியவில்லை என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 1962-இல் எழுதிக் கொடுத்தவரின் பிள்ளைகள் ஒருபுறம், எழுதாதவரின் பிள்ளைகள் மறுபுறம். ஒரே குடும்பத்தில் அண்ணன் வாரிசுக்கு உண்டு, தம்பி வாரிசுக்கு இல்லை. "அன்னிக்கு அஞ்சு நிமிஷம் போயி எழுதியிருந்தா..." என்று எதிரில் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். என் தகப்பனாரை நினைத்துக்கொண்டு, கோப்பைப் புரட்டுவேன். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அந்தக் கையெழுத்துகளைப் படித்துச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். திக்தே வீண் போகவில்லை.

முல்லா வீதிக்காரன் 1998-இல் போய்விட்டான். செட்டியார் வீட்டு நண்பன் மகனோடு பெங்களூரில் இருக்கிறான், தீபாவளிக்குத் தொலைபேசுவான். துலூஸ்காரன் ஓய்வு பெற்றபின் இரண்டு மூன்று நவம்பர்களில் வந்து போனான். ஒருமுறை இருவரும் ஆட்டோவில் அரிக்கமேடு போனோம். இப்போது அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், முன்போல் யாரும் எதையும் பொறுக்கக் கூடாது. அதுதான் முறை. முதல் நாள் பெய்த மழையில் சரிவெல்லாம் ஓடை கட்டியிருந்தது. இரண்டு கிழவர்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து தரையைப் பார்த்தபடியே நடந்தோம். காவலர் எங்களைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஆண்டுக்கு முன் அவனும் போய்விட்டான். சென்ற மாதம் அவன் மகள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். அப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தகர டப்பி இருந்தது, இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டு. பஞ்சின் மேல் வரிசையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். நீலம் ஒன்பது, சிவப்பு நான்கு. பதினைந்து கொடுத்தேன், பச்சை இரண்டைக் காணோம், இழுப்பறையில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.